தமிழில் நுழைந்தவர் தமிழிலேயே இருக்கட்டும்: பன்மொழித் தள லிங்க்குகள் பற்றிய கேள்வி-பதில்

குமரி மாவட்டத்தில் தளம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தமிழோடு நிறுத்துவதில்லை. மலையாளம், ஆங்கிலம், இப்போது இந்தியும் வேண்டும் என்கிறார்கள். அதனால் லிங்க்கின் பாதையில் முன்னால் வரும் மொழிக் குறியீடு, அதாவது முன்னொட்டு பற்றி நிறையக் கேள்விகள் வருகின்றன.

தேன் விற்பனைக்கு ஆங்கிலம், தமிழ் என இரு மொழியில் தளம் வைத்திருக்கிறோம். தமிழ்ப் பக்கத்தில் 'விலைப்பட்டியல்' என்பதைத் தொட்டால் ஆங்கிலப் பக்கம் திறக்கிறது. மெனுவில் மட்டும் சரியாக இருக்கிறது. ஏன்? (மார்த்தாண்டம்)

மெனுவை மென்பொருள் எழுதுகிறது, கட்டுரைக்குள் இருக்கும் லிங்க்கை நீங்கள் கையால் ஒட்டியிருக்கிறீர்கள். காரணம் அதுதான். '/விலை' என்று சாய்கோட்டில் தொடங்கும் லிங்க், தளத்தின் வேரிலிருந்து பாதையைப் பிடிக்கும். வாசகர் '/டிஏ/' (/ta/) என்ற தமிழ்ப் பகுதியில் நிற்கிறார் என்பது அதற்குத் தெரியாது. உங்கள் தளத்தில் முன்னொட்டு இல்லாத பாதை ஆங்கிலத்துக்கு உரியது என்பதால் ஆளை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

ஒவ்வொரு லிங்க்கிலும் '/டிஏ/' சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். நாளை ஆங்கிலப் பக்கத்தை நகலெடுத்து மலையாளப் பக்கம் செய்யும்போது இதே தவறு மறுபடி வரும். பக்கத்தின் எண்ணைக் கொடுத்து, அதன் மொழிபெயர்ப்பின் முகவரியை மென்பொருளிடமே கேட்டு வாங்குங்கள். வேர்ட்பிரஸ்ஸில் பாலிலாங் போன்ற பிளகின்களில் இதற்கு வசதி உண்டு. பழைய கட்டுரைகளில் ஒட்டிய லிங்க்குகளை டேட்டாபேஸில் தேடி எடுத்து ஒருமுறை திருத்தத்தான் வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் வாங்க வந்தவர் வழிதவறுவது இங்கேதான்.

இரண்டு எச்சரிக்கைகள். படங்களுக்கும் பிடிஎஃப் கோப்புகளுக்கும் முன்னொட்டு சேர்க்கக் கூடாது, அவை எல்லா மொழிக்கும் பொது. அடுத்தது, தமிழில் இன்னும் எழுதாத பக்கத்துக்கு '/டிஏ/' போட்டு லிங்க் கொடுத்தால், பக்கம் இல்லை என்ற 404 பிழைதான் வரும். ஆங்கிலப் பக்கத்துக்கே லிங்க் கொடுத்து, லிங்க்கை ஒட்டி 'ஆங்கிலத்தில்' என்று எழுதிவிடுங்கள்.

தமிழ்நாடு என்பதால் தமிழ்ப் பக்கங்களுக்கு 'டிஎன்' (tn) என்று முன்னொட்டு வைத்தேன். பரவாயில்லையா? (தக்கலை)

மாற்றிவிடுங்கள். மொழிக் குறியீடுகளில் 'டிஎன்' தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் பேசும் ஸ்வானா மொழிக்கு உரியது. தமிழுக்கு 'டிஏ', மலையாளத்துக்கு 'எம்எல்' (ml). பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்தே கூகுள் மொழியைக் கண்டுகொள்ளும், முகவரியை வைத்து அல்ல. ஆனால் ஒரு பக்கத்தின் பிறமொழி வடிவங்கள் எங்கே என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லாங் (hreflang) குறிப்பில் 'டிஎன்' என்று போனால் அது தவறான தகவல். மாற்றும்போது ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்கு நேரான புதிய முகவரிக்கு 301 (நிரந்தரத் திருப்பம்) வழியாகத் திருப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் தள்ளிவிடாதீர்கள். வெளிநாட்டுத் தமிழருக்கும் இதே பக்கம்தான் என்றால், மொழிக் குறியீட்டோடு 'ஐஎன்' (IN) போன்ற நாட்டுக் குறியீடு தேவையில்லை.

லாட்ஜ் தளம். கேரளத்திலிருந்து பார்த்தால் தானாக மலையாளம், வடக்கிலிருந்து பார்த்தால் இந்தி வர வேண்டும். செய்யலாமா? (கன்னியாகுமரி)

வேண்டாம் என்றே அழுத்திச் சொல்வேன். கைபேசியின் ஐபி முகவரி ஆள் நிற்கும் ஊரைச் சரியாகக் காட்டும் என்று நம்ப முடியாது. சரியாகக் காட்டினாலும் ஊரை வைத்து மொழியை எப்படி முடிவுசெய்வீர்கள்? 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் இது. வீட்டில் மலையாளம் பேசி, பள்ளியில் தமிழில் படித்தவர்கள் விளவங்கோடு பக்கம் நிறைய உண்டு. திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் நாகர்கோவில்காரர் தமிழில்தான் படிக்க விரும்புவார்.

கூகுளின் தேடல் ரோபோவும் பெரும்பாலும் அமெரிக்க முகவரியிலிருந்தே வருகிறது, மொழி விருப்பமும் சொல்வதில்லை. வலுக்கட்டாயமாகத் திருப்பினால் உங்கள் மலையாளப் பக்கங்கள் அதன் கண்ணில் படாமலே போகலாம். மேலே ஒரு சிறு பட்டையில் 'മലയാളം', 'हिन्दी' என்று அந்தந்த எழுத்திலேயே காட்டுங்கள். கொடிப் படம் வேண்டாம், மொழிக்கு ஏது கொடி? அறை வாடகைப் பக்கத்தில் மொழி மாற்றினால் அதே வாடகைப் பக்கம் வர வேண்டும், முகப்பு அல்ல.

முன்னொட்டுக்குப் பின்னால் முகவரியையும் தமிழிலேயே எழுதலாமா? (தோவாளை)

தாராளமாக எழுதலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது அது பல இடங்களில் சதவீதக் குறிகளாக விரியும். கணினி தனித்தனியாகச் சேமிக்கும் தமிழ்க் குறி ('க', 'ா', '்' போன்றவை) ஒவ்வொன்றுக்கும் ஒன்பது எழுத்து. 'நாகர்கோவில்' என்பதில் 11 குறிகள், ஆகவே 99 எழுத்து. இன்னொன்று: 'கோ'வில் உள்ள 'ோ'வை ஒரே குறியாகவும் எழுதலாம், 'ே', 'ா' என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் சர்வருக்கு அவை வேறு முகவரிகள். எல்லா முகவரியையும், இப்படிப்பட்டவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவுக்கு மாற்றியே சேமியுங்கள்.

ஹெச்ரெஃப்லாங் குறிப்பைத் தமிழ்ப் பக்கத்தில் மட்டும் வைத்தால் போதுமா? (குளச்சல்)

போதாது. தமிழ்ப் பக்கம் மலையாளப் பக்கத்தைச் சுட்டினால், மலையாளப் பக்கமும் தமிழைத் திருப்பிச் சுட்ட வேண்டும். ஒருபக்கச் சுட்டலைக் கூகுள் கணக்கில் எடுக்காமல் விடலாம். ஒவ்வொரு பக்கமும் தன்னையும் சேர்த்துச் சுட்ட வேண்டும். மொழி தேர்வு செய்யும் முகப்பு இருந்தால், ஹெச்ரெஃப்லாங்கில் மொழிக் குறியீட்டுக்குப் பதிலாக அதற்கு எக்ஸ்-டிஃபால்ட் (x-default) கொடுங்கள்.