மழை பெய்தால் ஏறும் பிரஷர் கோடு: சென்சாரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: மருத்துவ உபகரணங்களுக்கான சிறு பிளாஸ்டிக் பாகங்களை இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் செய்கிறோம். மோல்டுக்குள் 4 மி.மீ. முகமுள்ள சுவிஸ் தயாரிப்பு பீசோ பிரஷர் சென்சார் இருக்கிறது. மழை தொடங்கியதிலிருந்து, பாகம் வெளியே விழுந்த பிறகும் திரையில் பிரஷரைக் காட்டும் கோடு பூஜ்யத்துக்கு இறங்குவதில்லை. 20 விநாடி ஷாட்டில் (ஒரு தடவை பிளாஸ்டிக் செலுத்திப் பாகம் எடுக்கும் சுற்றில்) 7 பார் வரை மீதி நிற்கிறது. ரீசெட் செய்யாமல் (பூஜ்யமாக்காமல்) விட்டால், மெஷின் சும்மா நிற்கும்போதும் நேராக ஏறிக்கொண்டே போகிறது. மல்டிமீட்டரில் பார்த்தேன், ஷார்ட் இல்லை. சென்சார் போய்விட்டது, புதிது வாங்கு என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஆர்டர் போட்டிருந்தால் நிறுத்தி வையுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் சென்சார் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். என் சந்தேகம் முழுக்க சென்சாரையும் கேபிளையும் இணைக்கும் கனெக்டர் மேல்தான்.

எந்த நிறுவனத்தின் சென்சார் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். குவார்ட்ஸ் போன்ற படிகத்தை அழுத்தினால் அதன் முகங்களில் மின்னூட்டம் தோன்றும் என்று கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்த மின்னூட்டம் அற்ப அளவு: ஒரு நியூட்டன் விசைக்குக் கிட்டத்தட்ட 2.3 பிகோகூலோம் (மின்னூட்டத்தின் மிகச் சிறிய அலகு). மின்னழுத்தமாக அளக்கப் போனால் கேபிளின் நீளம் மாறும்போதெல்லாம் அளவீடும் மாறும். இதற்கு வழி காட்டியவர் வால்டர் கிஸ்ட்லர் என்ற சுவிஸ் பொறியாளர். 1950-இல் அவர் காப்புரிமை பெற்ற சார்ஜ் ஆம்ப்ளிஃபையர், படிகம் தரும் மின்னூட்டத்தை ஒரு கெப்பாசிட்டரில் வாங்கி வைத்து வோல்டேஜாகக் காட்டியது. கேபிள் நீளம் பொருட்டில்லாமல் போனது. 1959-இல் ஹான்ஸ் கான்ராட் சோண்டரெக்கருடன் சேர்ந்து அவர் வின்டர்தூரில் கிஸ்ட்லர் நிறுவனத்தைத் தொடங்கினார். ரயில் எஞ்சினும் டீசல் எஞ்சினும் செய்து பழகிய ஊர் அது. எஞ்சின் சிலிண்டருக்குள் பிரஷர் பார்க்க வேண்டிய தேவை அங்கே தெருவுக்குத் தெரு இருந்திருக்கும்.

இனி உங்கள் 7 பாருக்கு வருவோம். 4 மி.மீ. முகத்தில் 1 பார் அழுத்தம் என்றால் விசை 1.26 நியூட்டன், ஒரு குவார்ட்ஸ் தகடு தருவது ஏறக்குறைய 3 பிகோகூலோம். (தகடுகளை அடுக்கியிருந்தால் அதற்கேற்பக் கூடும்.) இந்தக் கணக்கில் 7 பார் என்பது 20 பிகோகூலோம். 20 விநாடியில் இவ்வளவு என்றால், விநாடிக்கு ஒரு பிகோகூலோம் எங்கிருந்தோ உள்ளே வந்து சேர்கிறது. எங்கிருந்து? உங்கள் சென்சாரின் கேபிள் போய்ச் சேரும் சார்ஜ் ஆம்ப்ளிஃபையரின் உள்வாயிலில், சிக்னல் இல்லாதபோதும், ஒரு சின்ன ஆஃப்செட் வோல்டேஜ் இருக்கும். 1 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். சென்சாரும் கேபிளும் சுத்தமாக இருந்தால் அவற்றின் இன்சுலேஷன் 10 லட்சம் கோடி ஓம் அளவில் இருக்கும். அந்த மில்லிவோல்ட்டால் எதுவும் செய்ய முடியாது. இன்சுலேஷன் 100 கோடி ஓமுக்கு இறங்கிவிட்டால், அதே மில்லிவோல்ட் விநாடிக்குச் சரியாக ஒரு பிகோகூலோமைத் தள்ளும். உங்கள் கோடு ஏறுவதற்கு அது போதும்.

100 கோடி ஓம் என்பது மற்ற எந்த வயரிங்குக்கும் அருமையான இன்சுலேஷன். உங்கள் மல்டிமீட்டர் சில கோடி ஓமுக்கு மேல் எதையும் பார்க்காது. "ஓபன்" என்று காட்டிவிட்டுப் போய்விடும். அதனால் அந்தச் சோதனையை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அதற்காக 500 வோல்ட் மெகரை (உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷன் அளக்கும் கருவியை) எடுத்துவிடாதீர்கள். சென்சாரையோ ஆம்ப்ளிஃபையரையோ அது பதம் பார்த்துவிடும். இந்த வேலைக்கென்றே குறைந்த வோல்டேஜில் அளக்கும் இன்சுலேஷன் டெஸ்டர் இருக்கிறது. அது கையில் இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபையரையே டெஸ்டராக வைத்துக்கொள்ளலாம். கேபிளைக் கழற்றி, உள்வாயிலை மூடி போட்டு மூடி, ரீசெட் செய்து விடுவித்து ஒரு நிமிடம் பாருங்கள். கோடு அசையாமல் நின்றால் ஆம்ப்ளிஃபையர் சுத்தம். பிறகு கேபிளை மட்டும் மாட்டிப் பாருங்கள். அப்போது ஏறினால் குற்றவாளி கேபிள். அதிலும் நின்றால் சென்சாரைச் சேருங்கள். பத்து நிமிட வேலை, செலவு ஒன்றுமில்லை.

அழுக்கு எங்கே இருக்கும் என்றால், கனெக்டரின் நடு ஊசியைச் சுற்றி வெள்ளையாக ஒரு டெஃப்லான் வளையம் தெரிகிறதே, அதன் மேல். ஒரு விரல் ரேகை பட்டாலே போதும். மழைக்காலத்தில் அந்த ரேகையின் உப்பு ஈரத்தை இழுத்து மெல்லிய பாதை போட்டுவிடும். மோல்டு மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி, தூசி போகட்டும் என்று வாயால் ஊதி மாட்டுகிற பழக்கம் பல டூல் ரூம்களில் உண்டு; ஒரு காலத்தில் நானும் ஊதியவன்தான். மூச்சில் இருப்பது அத்தனையும் ஈரம். ஏர் லைனில் ஊதுவதும் ஆகாது. அதில் கம்ப்ரஸர் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தே வரும். கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர்களில் சில படலம் விட்டுவிட்டுப் போகும், அதையும் தவிருங்கள். சுத்தமான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் தொட்டு இரு பக்கக் கனெக்டரையும் துடையுங்கள். பிறகு சென்சாரின் டேட்டா ஷீட்டில் உள்ள வெப்ப வரம்பைத் தாண்டாமல் ஓவனில் ஓரிரு மணி நேரம் காய வையுங்கள். ஆறியதும் கை படாமல் மாட்டுங்கள். பெரும்பாலும் அத்துடன் சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால் கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். உங்களுடையது நேர்க்கோடாக ஏறுவதால்தான் கசிவு என்கிறேன். பிரஷர் நிலையாக இருக்கும்போதே கோடு வளைந்து இறங்கி, பாகம் விழுந்ததும் பூஜ்யத்துக்குக் கீழே போனால், ஆம்ப்ளிஃபையரில் டைம் கான்ஸ்டன்ட் (மின்னூட்டம் எவ்வளவு நேரம் தங்கும் என்பதற்கான அமைப்பு) "ஷார்ட்" நிலையில் இருக்கிறது என்று அர்த்தம், "லாங்"குக்கு மாற்றுங்கள். வளைவே இல்லாமல் முழுக் கோடும் கீழே தள்ளி நின்றால் ரீசெட் சிக்னல் தாமதமாக வருகிறது. பிளாஸ்டிக் சென்சாரைத் தொட்ட பிறகு பூஜ்யமாக்கினால் அந்த முதல் அழுத்தம் கணக்கில் வராது. மோல்டு மூடியதுமே, பிளாஸ்டிக் உள்ளே வராமலே கோடு குதித்தால், மோல்டின் க்ளாம்ப் விசை சென்சாரைக் கடிக்கிறது. பிளாஸ்டிக் செலுத்தாமல் மோல்டை மூடித் திறக்கும் டிரை சைக்கிள் ஓட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அப்போது வேலை டூல் ரூமுக்கு. சென்சார் உட்காரும் துளையின் அளவையும் நேரையும் அளந்து பார்க்க வேண்டும்.

"பிரஷரை நாள் முழுக்கப் பிடித்து வைத்திருக்கும் சென்சாரைப் போட்டுவிடலாமே" என்று யாராவது சொல்லக்கூடும். பீசோரெசிஸ்டிவ் சென்சார்கள் அப்படிப் பிடித்து வைத்திருக்கும். அதே வின்டர்தூரில் 1974-இல் தொடங்கிய கெல்லர் நிறுவனத்தின் தொழிலே அதுதான். பெயரில் பீசோ இருந்தாலும் அது வேறு ஜாதி: அங்கே மாறுவது மின்தடை, மின்னூட்டம் அல்ல. டேங்க் மட்டத்துக்கும் ஹைட்ராலிக் லைனுக்கும் அது பொருத்தம். சூடான மோல்டுக்குள், சில மி.மீ. இடத்தில், ஒரு ஷாட்டுக்கு ஒரு தடவை ரீசெட் ஆகும் வேலைக்குக் குவார்ட்ஸையே நான் வைத்துக்கொள்வேன்.

துடைத்து, காய வைத்து, வேறு நல்ல கேபிளும் மாட்டிப் பார்த்து, சென்சாரைச் சேர்த்தால் மட்டும் கோடு அதே வேகத்தில் ஏறுகிறது என்றால், அப்போது புதிதை வாங்குங்கள். வாங்கும்போது கனெக்டர் மூடிகளையும் சேர்த்துக் கேளுங்கள். மோல்டு ரேக்குக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் மூடி மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதை மோல்டு இறக்கும் ஆளின் வேலையாக்குங்கள்.