கொம்பு நுனியில் ஒரு புகைத்திட்டு

அன்புள்ள அண்ணா,

மன்னார்குடிப் பக்கம் எங்கள் களத்துமேட்டில் ஆறு அங்குலத் தொலைநோக்கியை வைத்து, ரிஷபத்தின் கொம்பு நுனியில் இருக்கும் நண்டு நெபுலாவை, அதாவது வெடித்த நட்சத்திரம் ஒன்று விட்டுப்போன வாயுத்திரளைப் படம் எடுத்தேன். மூன்று நிமிடம் வீதம் நாற்பது படங்கள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் புகைத்திட்டு மாதிரிதான் வந்தது. ஒரு செயலியில் போட்டுத் தெளிவாக்கிக்கொண்டு, இடம் அடைக்கிறதே என்று மூலப்படங்களை அழித்துவிட்டேன். எந்த கேமரா வாங்கலாம்?

அன்புள்ள தம்பி,

கேமரா கிடக்கட்டும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் ஏறக்குறைய பதினோரு டிகிரி உயரத்தில்தான் இருக்கும், தென்னந்தோப்புக்குள் போய்விடும். அதைத் தேடிப் பிடித்து, தொலைநோக்கியை வானத்தோடு திருப்பும் மவுண்ட்டை அதற்கு நேராகச் சரிசெய்து, பனியில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறாய். படிக்கவே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்புறம் மூலத்தை அழித்தேன் என்கிறாயே, எப்படியப்பா மனசு வந்தது? அந்தச் செயலி வரைந்த இழைகள் எல்லாம் அதன் ஊகம். உன் களத்துமேட்டில் வந்து விழுந்த ஒளி அந்தத் திட்டுதான்.

அந்த நட்சத்திரம் வெடித்து வானத்தில் தெரிந்ததை 1054 ஜூலை 4 என்று சீனர்கள் நாள் போட்டு எழுதிவைத்தார்கள், 23 நாள் பகலிலேயே தெரிந்ததாம். பிறகு 1921-ல் வானியலாளர் டங்கன், பதினொன்றரை வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை வைத்துப் பார்த்து நெபுலா விரிகிறது என்று கண்டுபிடித்தார். 1928-ல் இன்னொரு வானியலாளர் ஹப்பிள் அந்த வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது ஏறக்குறைய 900 வருடம் வந்தது, சீனர்கள் எழுதிய நாளோடு ஒத்துப்போனது. பழைய படத்தை யாரோ பத்திரமாக வைத்திருந்ததால் வந்த கணக்கு இது. இன்று அமெச்சூர்களே பத்து வருடம் விட்டு எடுத்து அந்த விரிவைக் காட்டுகிறார்கள். நீ அழித்தது அந்த முதல் படம்.

என் தாத்தா ஒரு நோட்டு வைத்திருந்தார். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த நாள் வருடாவருடம் அதில் இருக்கும். 'ஆனி 28, முழங்கால் தண்ணீர், கலங்கல்' என்று பென்சிலில், அழுத்தி எழுதியிருப்பார். அவர் போன பிறகு வீடு ஒழித்தபோது பழைய பேப்பரோடு கட்டிப் போட்டது நான்தான், பத்தொன்பது வயதில். இன்றைக்குக் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று பேச்சு வந்தால், 'முன்னெல்லாம் சீக்கிரம் வரும்' என்பதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

தை அமாவாசைக்கு மறுபடி எடு. ஒன்பது மணிவாக்கில் தலைக்கு மேலேயே இருக்கும். தேதி, இடம், எத்தனை நிமிடம், எத்தனை படம் எல்லாம் எழுதி வை. கேமராவுக்குச் சேர்த்த காசில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கு. இரண்டாக வாங்கு, ஒன்று அக்கா வீட்டில் இருக்கட்டும்.