எந்த மேசையில் உட்காருவது?

அன்புள்ள அண்ணா,

எனக்குச் சொந்த ஊர் பர்கூர் பக்கம். இரண்டு வருடமாக இங்கிலாந்தில், லீட்ஸில் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட். பர்மிங்காமில் இருந்தபோது போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடியதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். ஆன்லைனில் 5 பென்னி–10 பென்னி மேசையில் ஆடுகிறேன். ஆறு பேர் ஆடும் நோ லிமிட் ஹோல்டெம்: ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, கட்டும் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. ஒரு தடவை சீட்டுப் போட்டு முடித்தால் ஒரு ஹேண்ட்; பத்து மாதத்தில் 40,000 ஹேண்ட் ஆகிவிட்டது, 120 பவுண்டு நஷ்டம். எந்தச் சீட்டோடு ஆடலாம், எதைப் போட்டுவிடலாம் என்ற அட்டவணை எனக்கு மனப்பாடம். தினம் ஒரு வீடியோ பார்க்கிறேன். சரியான ஆட்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்டும் சால்வர் மென்பொருளும் வாங்கிவிட்டேன். விடியற்காலை 5 மணிக்கு வந்ததும் எந்த மேசை காலியோ அதில் உட்கார்ந்துவிடுவேன். கீழ் மேசையில் எவ்வளவு கட்டினாலும் அதே அளவு போட்டுக் கண்டபடி கால் பண்ணுகிறார்கள், மோசமான சீட்டோடு மிரட்டும் பிளஃப் எடுபடுவதே இல்லை. 10–25 பென்னிக்கு ஏறிவிடட்டுமா? இன்னும் என்ன படிக்க வேண்டும்? தேறிவிட்டால் இதைப் பக்க வருமானமாக்கி ஊருக்குக் கொஞ்சம் அனுப்ப ஆசை. வீட்டில் யாருக்கும் தெரியாது. பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

படித்ததையெல்லாம் நான்கு வரிக்குச் சொல்லிவிட்டு, "எந்த மேசை காலியோ அதில் உட்கார்ந்துவிடுவேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது.

என் அப்பா மாட்டுத் தரகர். செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தை, ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். சந்தைக்குள் போனதும் மாட்டுப் பக்கமே போகமாட்டார். ஒரு டீயை வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் ஆட்களைப் பார்ப்பார். கேரளத்து லாரி எத்தனை வந்திருக்கிறது, எந்த வியாபாரி அவசரத்தில் இருக்கிறார், யாருக்கு இன்றைக்கே விற்றாக வேண்டும். பல் பார்த்து வயது சொல்வதிலும் சுழி பார்ப்பதிலும் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். அந்தக் கெட்டிக்காரர்கள் கூடி நிற்கும் இடத்தில் அப்பா துண்டை விரித்ததே இல்லை.

போக்கரில் நமக்கு வருகிற பணம் எதிராளி செய்கிற தப்பிலிருந்துதான் வருகிறது. உங்களைப் போலவே அட்டவணையை மனப்பாடம் செய்த ஐந்து பேரோடு உட்கார்ந்தால் யார் யாரிடம் ஜெயிப்பது? ஜெயிப்பது ஆட்டத்தை நடத்தும் இணையத் தளம்தான். சின்ன மேசைகளில் பாட் எனப்படும், நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து ஏறக்குறைய 5 விழுக்காட்டை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 4 பவுண்டு பாட் என்றால் 20 பென்னி. உங்கள் மேசையில் சீட்டுப் போடும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்கும் 10 பென்னிதான் பிக் பிளைண்ட். அந்தக் கணக்கில் அது இரண்டு பிக் பிளைண்ட். ஆறு பேரும் சம திறமை என்றால் நாளடைவில் ஆறு பேரும் தோற்பார்கள்.

ஆகவே முதலில் ஆட்களைப் பாருங்கள். மேசைப் பட்டியலில் சராசரி பாட் எவ்வளவு, நூற்றுக்கு எத்தனை பேர் ஃபிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) பார்க்கிறார்கள் என்று சில தளங்கள் காட்டும். ஆறு பேர் மேசையில் 20ஐ ஒட்டி இருந்தால் அங்கே எல்லோரும் படித்தவர்கள். 35, 40 என்றால் இடத்துக்குப் பெயர் கொடுத்துக் காத்திருங்கள். அந்தக் கணக்கைக் காட்டாத தளத்தில் இரண்டு சுற்று வேடிக்கை பாருங்கள். தொகையை ஏற்றி ரெய்ஸ் செய்யாமல் வெறும் கால் போட்டு உள்ளே வருகிறவர், வழக்கமான 10 பவுண்டுக்குப் பதில் மூன்றரை பவுண்டோடு உட்கார்ந்து, குறைந்தாலும் நிரப்பாதவர்: அப்படிப்பட்டவர் இருக்கும் மேசைதான் உங்களுக்கு. அவருக்கு இடது பக்கம் இடம் கிடைக்கிறதா பாருங்கள். அவர் செய்வதைப் பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம். அவர் எழுந்தால் நீங்களும் எழுந்துவிடுங்கள்.

நேரமும் இதில் சேர்த்தி. விடியற்காலை 5 மணிக்கு, நான் பார்த்தவரை, நாலைந்து மேசையை ஒன்றாகத் திறந்துவைத்து ஆடுகிறவர்கள்தான் மிஞ்சியிருப்பார்கள். பொழுதுபோக்குக்கு வருகிறவர் வெள்ளி, சனி இரவில் வருவார். இரவெல்லாம் பெட்டி தூக்கிவிட்டு வந்த உடம்போடு தூக்கம் கெடாத ஆட்களிடம் போய் மோதியிருக்கிறீர்கள். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

கண்டபடி கால் பண்ணுகிறார்கள் என்பது குறையா? அவர்களைத் தேடித்தானே மேசை மேசையாக அலையச் சொல்கிறேன்! பிளஃப்பை நிறுத்துங்கள். நல்ல சீட்டு வந்தால் பெரிதாகக் கட்டுங்கள். மேலே ஏறினால் உங்களைப் போலப் படித்தவர்கள்தான் கூடுவார்கள். இப்போது ஏற வேண்டாம்.

சால்வர் சொல்வது, எதிராளியும் தப்பே செய்யாதவர் என்று வைத்துப் போட்ட கணக்கு. 2019இல் புளூரிபஸ் என்ற கணினி நிரல் ஆறு பேர் ஆட்டத்தில் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களை ஜெயித்தது. உங்கள் மேசையில் அப்படிப்பட்டவர்கள் இல்லை. சால்வரை மூடிவைத்துவிட்டு ஒரு கணக்கை விரல்நுனிக்குக் கொண்டுவாருங்கள். பாட் தொகை 1 பவுண்டு, எதிராளி 50 பென்னி கட்டுகிறார். நீங்கள் 50 போட்டால் பாட் மொத்தம் 2 பவுண்டு. அப்படியென்றால் நூற்றுக்கு 25 தடவையாவது ஜெயிக்க வேண்டும். ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேரும் ஃபிளஷுக்கு ஒரு சீட்டு குறைகிறது, வர வேண்டியது கடைசிச் சீட்டு ஒன்றுதான். தெரியாத 46 சீட்டில் உங்களுக்கு உதவுவது 9. நூற்றுக்கு இருபதுகூட வரவில்லை. வந்த பின் எதிராளி இன்னும் நிறையக் கொடுப்பார் என்றால்தான் போடலாம், இல்லையென்றால் ஃபோல்டு, சீட்டைக் கீழே வைத்துவிடுங்கள். இந்த ஒரு கணக்கை அவசரத்திலும் போட வந்தால் பாதி வீடியோக்கள் வேண்டாம். வாரம் ஒருநாள், குழப்பிய இருபது ஹேண்டை எடுத்து, யார் ஜெயித்தார் என்பதை மறைத்துக்கொண்டு, முடிவு சரியா என்று மட்டும் பாருங்கள்.

120 பவுண்டு நஷ்டம் என்றால் 100 ஹேண்டுக்கு 3 பிக் பிளைண்ட். இந்த ஆட்டத்தில் 100 ஹேண்டுக்கு 90 பிக் பிளைண்ட் அளவுக்கு ஏற்ற இறக்கம் சாதாரணம். 40,000 ஹேண்ட் ஆடிய பிறகும் உங்கள் உண்மையான தரம் அந்த மூன்றிலிருந்து ஒன்பது மேலேயோ கீழேயோ இருக்கலாம். எனவே அந்தத் தொகையை வைத்து உங்களைத் திட்டிக்கொள்ளவும் வேண்டாம், அதை மீட்கிறேன் என்று இறங்கவும் வேண்டாம்.

வருமானம் என்றீர்கள். 100 ஹேண்டுக்கு 5 பிக் பிளைண்ட் ஜெயிக்கிற நல்ல ஆட்டக்காரர் ஆகிவிட்டீர்கள் என்றே வைப்போம். அது 50 பென்னி. நாலு மேசையில் மணிக்கு 300 ஹேண்ட் ஆடினால் ஒன்றரைப் பவுண்டு. கிடங்கில் ஒரு மணிக்கு 12 பவுண்டுக்கு மேல் வாங்குகிறீர்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தை அங்கேதான் சம்பாதிக்க முடியும். ஆட்டத்துக்கென்று 300 பவுண்டைத் தனியே வையுங்கள், மாத வரம்பைத் தளத்திலேயே போட்டுவிடுங்கள். அந்த வரம்பை ஏற்றக் கை பரபரத்தால் அன்றைக்கே, சூதாட்டத் தளங்களிலிருந்து தன்னையே விலக்கிவைத்துக்கொள்ளும் கேம்ஸ்டாப் திட்டத்தில் பதிந்துவிடுங்கள். பிரிட்டனில் உரிமம் பெற்ற எல்லா இணையத் தளங்களும் குறைந்தது ஆறு மாதத்துக்கு உங்களை உள்ளே விடாது. ரம்மிக்குக் கடன் வாங்கி நொடித்த வீடுகளை நான் நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன்.

கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வேறுபாடே அதில் இல்லை. வெளிநாட்டுத் தளத்தில் குறுக்குவழி தேடாதீர்கள். நான் இப்போது ஞாயிறு மாலை நாலு நண்பர்களோடு புளியங்கொட்டை வைத்து ஆடுகிறேன். பாட் கணக்குப் பழக அது போதும்.

தம்பி, அடுத்த மாதம் எழுதும்போது லாப நஷ்டம் எழுத வேண்டாம். எத்தனை மேசையைப் பார்த்துவிட்டு உட்காராமல் வந்தீர்கள், எத்தனை நாள் ஷிஃப்ட் முடிந்ததும் நேராகப் படுத்துத் தூங்கினீர்கள் என்று எழுதுங்கள். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்பதையும்.