மாமாவின் மடிப்புக் கட்டில்

கேள்வி: ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். ஓகஸ்ட் கடைசி வாரத்தில் நாங்களும் என் கணவரின் தம்பி குடும்பமும் சஸ்காட்சுவான் மாகாணத்தில், புல்வெளித் தேசியப் பூங்காவுக்கு அருகே வால் மரி என்ற ஊர்ப்பக்கம், ஒரு பண்ணை வீட்டை ஏழு நாட்களுக்கு வாடகைக்கு எடுக்க இருக்கிறோம். வீட்டுக்காரர் பக்கத்திலேயே விவசாயம் செய்கிறார். நிலமட்டத்தில் குளியலறையோடு சேர்ந்த பெரிய அறை எங்களுக்கு. மாடியில் உள்ள இரண்டு அறைகளில் ஒன்று தம்பிக்கும் மனைவிக்கும், மற்றது 14, 11 வயதுகளில் உள்ள எங்கள் மகன்மாருக்கும். மாடியிலும் ஒரு குளியலறை உண்டு. மாமாவுக்கு, அதாவது என் கணவரின் அப்பாவுக்கு, 76 வயது. கிளிநொச்சியில் நெல் விவசாயம் செய்து, காணி இழந்து வந்தவர். நிலக்கீழ் அறையில் ஒரு மடிப்புக் கட்டில் இருக்கிறதாம், இங்கேயும் அவர் அப்படித்தான் இருக்கிறார், பழகியவர்தான். ஏழு நாள் சலித்துப்போகுமா? இணையமும் கைபேசித் தொடர்பும் எப்படி இருக்கும்? அரிசி, பருப்பெல்லாம் இங்கிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டுமா?

பதில்: சகோதரி, "பழகியவர்தான்" என்று எழுதிவிட்டு நீங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இதை நான் எத்தனையோ முறை வாசித்துவிட்டேன்: அப்பா தனியே சாப்பிடப் பழகியவர், அம்மா குளிருக்குப் பழகியவர், மாமி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கப் பழகியவர். வேறு வழி இல்லாமல் ஒருவர் பொறுத்துக்கொண்டதை அவருடைய விருப்பம் என்று நாம் எழுதிவிடுகிறோம். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று என் அண்ணன் சொல்லக்கூடும். எங்கள் அம்மாவும் ஆறு குளிர்காலங்களை என் வீட்டு நிலக்கீழ் அறையில்தான் கழித்தார். ஸ்காபரோவில் வீட்டு விலையையும் வட்டியையும் காரணம் காட்டினேன். நீங்களும் காட்டலாம். ஆனால் நீங்களே படம் பார்த்துத் தெரிவு செய்து, பணம் கொடுத்து, ஏழு நாட்களுக்கு எடுக்கும் ஒரு வீட்டிலும் மாமாவுக்கு நிலத்துக்குக் கீழேதான் இடம் என்றால், அதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

நீங்கள் எழுதிய அறைப் பங்கீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, இரவு இரண்டு மணிக்கு மாமா எழுந்திருப்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நிலக்கீழ் அறையில் கழிவறை இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. நிலமட்டத்தில் உள்ளது உங்கள் படுக்கையறைக்குள் இருக்கிறது; மற்றது மாடியில். அவர் இருட்டில் இரண்டு படிக்கட்டுகள் ஏற வேண்டும், அல்லது மகனும் மருமகளும் உறங்கும் அறைக் கதவைத் தட்ட வேண்டும். நான் அறிந்த எந்த மாமாவும் இந்த இரண்டையும் செய்ய மாட்டார். பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். பகலில் முப்பது பாகையைத் தாண்டக்கூடிய, காற்று வறண்டு வீசும் ஒரு நிலத்தில், 76 வயது மனிதர் ஏழு நாட்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு இருப்பார். நீங்கள் அவருக்குப் பசியில்லை, வயதாகிவிட்டது என்பீர்கள். அங்கிருந்து ஓரளவு பெரிய மருத்துவமனை என்றால் சுமார் 120 கிலோமீற்றர் வடக்கே ஸ்விஃப்ட் கரன்ட் நகரத்துக்குத்தான் போக வேண்டும்.

அந்த வீடுகளின் நிலக்கீழ் அறை எதற்காகத் தோண்டப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பண்ணை வீடுகளில் உருளைக்கிழங்கும் போத்தலில் அடைத்த காய்கறியும் வைப்பதற்கும், சூடாக்கி இயந்திரத்துக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும் அமைத்த இடம் அது. படிகள் செங்குத்தாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். கனடாவின் கட்டட விதிப்படி, படுக்கையறையிலிருந்து நேரே வெளியே போகக் கதவு இல்லாவிட்டால், தீ பற்றினால் ஆள் வெளியேறக்கூடிய ஜன்னல் அங்கே இருக்க வேண்டும். அதன் திறப்பு 0.35 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது, எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குச் சிறியதாக இருக்கக்கூடாது. பழைய வீடுகள் பலவற்றில் நிலக்கீழ் ஜன்னல் ஒரு பூனை போகும் அளவுக்குத்தான் இருக்கும். மடிப்புக் கட்டிலை விரித்துவிட்டால் அது படுக்கையறை ஆகிவிடாது.

ஆகவே நிலமட்ட அறை மாமாவுக்கு. நீங்களும் கணவரும் மாடிக்குப் போங்கள். பையன்கள் வரவேற்பறையில் பாய் விரித்துப் படுக்கட்டும். பதினாலு வயதுப் பிள்ளைக்குத் தனிக் கட்டில் இல்லாவிட்டால் முகம் சுருங்கும் என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள் போலும். சுருங்கட்டும். அப்பப்பாவுக்காகத் தன் கட்டிலை விட்டுக்கொடுக்காத பிள்ளை நாளைக்கு உங்களுக்கு எந்த அறையைத் தருவான் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் கணவர் இந்தப் பங்கீட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாரா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். அவருடைய அப்பா அவர். குறை முழுவதையும் மருமகள் தலையில் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். அதை நான் செய்யப்போவதில்லை. இந்தப் பதிலை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் மற்றக் கேள்விகள் எளியவை. ரெஜைனாவில் விமானம் இறங்கினால் அங்கிருந்து காரில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். வழியில் ஸ்விஃப்ட் கரன்டில் பாலும் மரக்கறியும் வாங்கி, எரிபொருளை முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள். வால் மரி நூற்றுச் சொச்சம் பேர் வாழும் சிற்றூர். கைபேசித் தொடர்பு பல இடங்களில் அறுந்துபோகும், ஆகையால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். குடிதண்ணீர் கிணற்றிலிருந்தா, வண்டியில் கொண்டுவந்து நிரப்பும் தொட்டியிலிருந்தா, அப்படியே குடிக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மழை பெய்தால் அங்குள்ள களிமண் பாதைகள் நெய் பூசியதுபோல் வழுக்கும். அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள். பூங்காவின் மேற்குப் பகுதியில் விரியன் வகையைச் சேர்ந்த கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. சப்பாத்து இல்லாமல் புல்லுக்குள் இறங்கக்கூடாது. 2005இல் கொண்டுவந்து விட்ட காட்டெருமைகளைப் பார்க்கலாம், நூறு மீற்றர் தள்ளி நின்று. கருவால் புல்வெளி நாய் என்று அழைக்கப்படும், வளை தோண்டி வாழும் அணில் இனம் கனடாவில் இயற்கையாக வாழ்வது அந்தப் பக்கத்தில் மட்டும்தான். இரவில் நட்சத்திரங்களைப் பார்க்கப் பையன்களை வெளியே இழுத்து வாருங்கள்; அவ்வளவு இருட்டை அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள்.

பருப்பைக் கட்டிக்கொண்டு போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டிக்கொண்டுதான் போக வேண்டும், ஊர்க் கடையில் உடைத்த மைசூர்ப் பருப்பு கிடைக்குமென்று நம்பியிருக்க வேண்டாம். ஆனால் அந்தக் கேள்வியை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் நீங்கள் போவது பருப்பு விளையும் நிலத்துக்கு. கனடாவின் மைசூர்ப் பருப்பில் மிகப்பெரும் பங்கு சஸ்காட்சுவானில்தான் விளைகிறது. இலங்கைச் சந்தைக்கும் அங்கிருந்து கப்பலேறுகிறது. 1970கள் வரை அங்கே பருப்பு பெரிய பயிரல்ல. சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தின் ஆல் ஸ்லிங்கார்ட் என்ற பயிர் ஆய்வாளர் உருவாக்கிய லெயர்ட் என்ற இனம் 1978இல் வெளிவந்த பின்னரே கோதுமைக்காரர்கள் பருப்புக்குத் திரும்பினார்கள். கிளிநொச்சியில் மாமா கடை மூட்டையில் வாங்கிய பருப்பு இந்த மண்ணிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். ஓகஸ்டில்தான் அங்கே பருப்பு அறுவடை. கிளிநொச்சியில் சிறுபோக நெல்லை அறுக்கும் காலமும் அதுவே. நெல் அறுத்த மனிதரை அறுவடை நடக்கும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய், நிலக்கீழ் அறையில் படுக்க வைக்க இருந்தீர்கள்.

ஏழு நாள் சலிக்குமா என்றால், பையன்களுக்கு மூன்றாம் நாள் சலிக்கும், உங்களுக்கு ஐந்தாம் நாள். மாமாவுக்குச் சலிக்காது, அவரை வெளியே அழைத்துப் போனால். உங்கள் பயணத் திட்டத்தில் அவர் வரும் இடம் கட்டில் ஒன்றுதான். பகலில் அவர் எங்கே இருப்பார் என்று ஒரு சொல்லும் இல்லை. தொடர்பு கிடைக்காத வீட்டில் அவரைத் தனியே விட்டுவிட்டு எருமை பார்க்கப் போகும் எண்ணம் இருந்தால், அதையும் இப்போதே கைவிடுங்கள். அந்த நிலம் முழுவதும் 1871இல் தொடங்கிய அளவையின்படி ஒரு மைல் சதுரங்களாக வெட்டப்பட்டது. ஒரு சதுரம் 640 ஏக்கர். குடியேற வந்தவனுக்கு அதில் காற்பங்கு, 160 ஏக்கர், பத்து டொலர் பதிவுக் கட்டணத்துக்குக் கிடைத்தது. அது அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்களிடமிருந்து எடுத்த நிலம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காணி இழந்த வன்னி மனிதருக்கு அதை விளக்க அதிகம் பேச வேண்டியிராது. வரம்பே இல்லாத வயலைப் பார்த்து, தண்ணீர் எங்கிருந்து பாய்ச்சுகிறார்கள் என்றுதான் அவர் முதலில் கேட்பார். பெரும்பாலும் மழையை மட்டும் நம்பிய விளைச்சல் அது. இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருந்தவருக்கு அதைப் பற்றிப் பேச ஒரு வாரம் போதாது.

இன்றே வீட்டுக்காரருக்கு எழுதுங்கள். நிலமட்டக் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, புகை எச்சரிப்பும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு எச்சரிப்பும் வேலை செய்கின்றனவா, ஆம்புலன்ஸ் வர நேர்ந்தால் சொல்ல வேண்டிய நில எண் என்ன என்று கேட்டு, அந்த எண்ணைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். நெல் விவசாயி ஒருவர் கூட வருகிறார், அறுவடை இயந்திரத்தில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு சுற்று அவரை ஏற்றுவீர்களா என்றும் கேளுங்கள். அறுவடை தொடங்கிவிட்டால் அவர்களுக்குக் கடிதம் பார்க்க நேரம் இருக்காது.