பள்ளிக்கூடம் இலவசம்தானே, பிறகு எதற்கு மாதாமாதம் பணம்?

"அரசுப் பள்ளியில் கட்டணமே கிடையாது. கிறிஸ்தவக் குடும்பமான நீங்கள் ஏழைப் பிள்ளைகள் படிக்க ஓர் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்புவது மதம் பரப்பவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. அந்த அறக்கட்டளையின் விடுதியிலும் மாலை வகுப்பிலும் படிப்பவர்களில் பாதிக்குமேல் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். அப்படியேதான் இருக்கிறார்கள்.

எங்களுக்குப் பாளையங்கோட்டை. சம்பளம் வந்த அன்றே தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, உறையில் எடுத்து வைப்பது அப்பா காலத்து வழக்கம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அது ஆலய ஊழியம் செய்யும் லேவியனோடு பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போக வேண்டும் என்கிறது பைபிளின் உபாகமம் 14-ஆம் அதிகாரம். நாங்கள் மூன்று வருடம் காத்திருப்பதில்லை, அவ்வளவுதான்.

கட்டணம் இல்லை என்பது உண்மை. மதியச் சாப்பாடு உண்டு. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சாப்பாடும் வந்தது. ஆனால் செங்கல் சூளைக்குக் குடும்பம் கிளம்பினால் பிள்ளையும் கூடவே போகும். நாலைந்து மாதம் கழித்து வந்தால் பாடம் எங்கோ போயிருக்கும். விடுதியில் ஓர் இடம் இருந்தால் பிள்ளை ஊரிலேயே தங்கும். பீடி சுற்றும் வீட்டில் கதை வேறு. பள்ளி விட்டு வந்ததும் மகள் முறத்தை மடியில் வைத்து நூல் கட்ட உட்கார்ந்துவிடுவாள். அவளுக்காகத்தான் மாலை வகுப்பு, கூடவே ஒரு கிண்ணம் சுண்டல்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஊர் சாராள் தக்கர் கல்லூரி, இந்தியாவுக்கே வராத ஓர் ஆங்கிலேயப் பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது. என் பாட்டி படித்ததும் முகம் தெரியாத யாரோ கொடுத்த காசில்தான்.