நோட்டில் மதிப்பெண்ணா, குறிப்பா? கணக்கு ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கோத்தகிரியில் நெடுங்காலம் கணக்கு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வகுப்பறை மதிப்பீடு பற்றி வந்த கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கிறேன்.

கூடலூர் ஆசிரியை: 0.35, 0.4 இரண்டில் பெரியது எது என்றால் வகுப்பில் பாதிப் பேர் 0.35 என்கிறார்கள். பாடத்தை மறுபடி நடத்தட்டுமா?

பதில்: அதே பாடத்தை அப்படியே நடத்தினால் அதே விடைதான் வரும். இவர்கள் 35ஐயும் 4ஐயும் முழு எண்களாக ஒப்பிடுகிறார்கள். சரியாகச் சொன்ன மீதிப் பேரையும் உடனே நம்பிவிடாதீர்கள்; 'நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறியது, ஆகவே இலக்கம் கூடினால் எண் சிறுக்கும்' என்று தவறாக எண்ணுகிற பிள்ளையும் 0.4 என்றே சொல்லும். 0.75, 0.5 என்ற இணையையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் வகையினர் இதில் தப்பிவிடுவார்கள், இரண்டாம் வகையினர் சிக்குவார்கள். ஒரே கேள்வி காட்டாததை இரண்டு கேள்விகள் காட்டும். பிறகு தேயிலை எடை போடும் தராசைப் பேச்சில் கொண்டுவாருங்கள்: 0.4 கிலோ 400 கிராம், 0.35 கிலோ 350 கிராம். 'புள்ளி முப்பத்தைந்து' என்று நீங்களே படிக்காதீர்கள். 'புள்ளி மூன்று ஐந்து' என்று படியுங்கள்.

குன்னூர், ஒரு தந்தை: வாரத்துக்கு எத்தனை தேர்வு வைக்கலாம்?

பதில்: எண்ணிக்கையை விடுங்கள், விடைத்தாளைப் பார்த்தபின் மறுநாள் பாடம் மாறுகிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

ஊட்டி ஆசிரியர்: நோட்டில் மதிப்பெண் போடாமல் குறிப்பு மட்டும் எழுதினால் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்களே?

பதில்: கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்களே முன்னேறினார்கள்; குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்த கண் குறிப்பைப் படிப்பதில்லை என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். நோட்டில் குறிப்பை எழுதுங்கள், மதிப்பெண்ணைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு பெற்றோர் கேட்டால் காட்டுங்கள்.

கோத்தகிரி ஆசிரியர் (மறுப்பு): அது கணக்குப் பாடத்தில் நடந்த ஆய்வு அன்று. மேலும், மதிப்பெண் இல்லையென்றால் எங்கள் பிள்ளைகள் நோட்டைத் திறப்பதே இல்லை.

பதில்: முதல் கூற்று சரி, சொற்களை அமைப்பது போன்ற பணிகளே அதில் தரப்பட்டன, அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவதை ஏற்க மாட்டேன். 'நன்று', 'முயற்சி செய்' என்று எழுதினால் யார்தான் திறப்பார்கள்? 'மூன்றாம் வரியில் பகுதிகளைக் கூட்டியிருக்கிறாய். 1/2ம் 1/3ம் சேர்ந்து 2/5 என்றால் அது பாதியைவிடக் குறைவாயிற்றே, எப்படி?' என்று எழுதி, பதில் எழுத வகுப்பிலேயே ஐந்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள். 2012-13இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் முப்பருவ முறை வந்தபோது, பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் தேர்வாக வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பிரித்தார்கள். கற்பித்தலைத் திருத்திக்கொள்ள வேண்டிய அந்த 40, பல இடங்களில் அட்டையில் ஒட்டிய செயல்திட்டத்துக்கு மதிப்பெண்ணாகிப் போனது என்பதே என் வருத்தம்.

குன்னூர் ஆசிரியை: குறிப்போடு நட்சத்திரமாவது போடலாமா?

பதில்: நட்சத்திரமும் மதிப்பெண்தான். ஊட்டி ஆசிரியருக்கு மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

மஞ்சூர் ஆசிரியர்: 52−27க்கு 35 என்று எழுதும் மாணவனின் கவனக்குறைவை எப்படிப் போக்குவது?

பதில்: தயவுசெய்து 'கவனக்குறைவு' என்று எழுதாதீர்கள். ஏழிலிருந்து இரண்டையும், ஐந்திலிருந்து இரண்டையும் மிகக் கவனமாகவே கழித்திருக்கிறான். எப்போதும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்பது அவன் வைத்திருக்கும் விதி. 64−38 கொடுத்துப் பாருங்கள். 34 என்று எழுதினால் அந்த விதி உறுதி. அதன்பின் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகளை எடுத்து, ஒரு கட்டை அவன் கையாலேயே அவிழ்க்கச் சொல்லுங்கள்.