மகனுக்கு ஓயாத சஸ்பென்ஷன்: மதிப்பீட்டுக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி: ஜார்ஜியா மாநிலத்தில் வசிக்கிறோம். என் கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். மகன் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். இந்த ஆண்டு நான்கு நாள் சஸ்பென்ஷன் ஆகிவிட்டது. அது போக, ஏழெட்டு முறை பாதிப் பகலில் போன் செய்து அழைத்துப் போகச் சொன்னார்கள். காரணம் எப்போதும் 'மரியாதைக் குறைவு' அல்லது 'சொன்ன பேச்சு கேட்கவில்லை'. இப்போது ஸ்பெஷல் எஜுகேஷனுக்காக (குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்வி) மதிப்பீடு செய்யச் சம்மதம் கேட்டுப் படிவம் வந்திருக்கிறது. 'எமோஷனல் டிஸ்டர்பன்ஸ்' (உணர்ச்சிக் கோளாறு) என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. மறுத்துவிட்டு, இனப்பாகுபாடு என்று புகார் கொடுக்கலாமா? தெரிந்தவர் ஒருவர், 2,500 டாலர் கொடுத்தால் நல்ல அட்வகேட்டைப் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: படிவத்தை மறுக்காதீர்கள். புகார் கொடுக்கலாம், ஆனால் அது இரண்டாவது வேலை. 2,500 டாலர் பத்திரமாக உங்களிடமே இருக்கட்டும்.

உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. 2020-21 கணக்குப்படி, அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினப் பையன்கள் 8 சதவீதம்தான். சஸ்பெண்ட் ஆகி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிலோ 18 சதவீதம். பல பள்ளிகள் திரையில் நடந்த கொரோனா ஆண்டில்கூட இந்த நிலை. அவர்கள் அதிகம் சேட்டை செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. கல்வி ஆய்வாளர் ரஸ்ஸல் ஸ்கீபாவின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையினப் பிள்ளைகள் சிக்கியது புகைபிடித்தல், பொருளை உடைத்தல் போன்ற கண்ணால் கண்டு சொல்லக்கூடிய குற்றங்களில். கறுப்பினப் பிள்ளைகள்மேல் எழுதப்பட்டவை மரியாதைக் குறைவு, அதிக சத்தம் போன்றவை. எழுதுபவரின் மனசுதான் அங்கே அளவுகோல். உங்கள் மகன் கோப்பில் இருப்பதும் அதுவே.

ஆனால் சதவீதத்தைக் காட்டி வழக்கில் ஜெயிக்க முடியாது. உள்நோக்கத்தோடு பாகுபாடு காட்டினார்கள் என்றால்தான் தனிநபர் வழக்குப் போடலாம் என்று 2001இல் சாண்டோவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்துக்கு 180 நாளுக்குள் நீங்களே புகார் அனுப்பலாம், செலவில்லை. அனுப்புங்கள். ஆனால் அதன் 12 வட்டார அலுவலகங்களில் 7ஐ 2025 மார்ச்சில் மூடிவிட்டார்கள். பையன் கல்லூரிக்குப் போகும்வரை கோப்பு தூங்கினாலும் கேட்க ஆளில்லை.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது 10 என்ற எண்ணை. மத்திய ஸ்பெஷல் எஜுகேஷன் சட்டப்படி, குறைபாடு உள்ள பிள்ளையை ஓர் ஆண்டில் ஒரே மாதிரிக் காரணங்களுக்காக விட்டு விட்டு வெளியே அனுப்பி, மொத்தம் 10 பள்ளி நாள் தாண்டினால், பள்ளி கூட்டம் போட்டே ஆக வேண்டும்: இந்த நடத்தை குறைபாட்டால் வந்ததா, அல்லது அவனுக்கென்று எழுதிய சிறப்புக் கல்வித் திட்டத்தில் உள்ள உதவியைப் பள்ளி தராததால் வந்ததா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் பொதுவாகப் பையன் பழைய வகுப்புக்கே திரும்ப வேண்டும்.

இந்தப் பத்தை எட்டாமலிருக்கத்தான் அந்தப் போன். "சஸ்பென்ஷன் எல்லாம் இல்லைங்க, இன்னிக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிடுங்க, ரெக்கார்டுல வராது" என்பார்கள். உங்களுக்குச் செய்யும் உபகாரம் போலத் தோன்றும். ரெக்கார்டில் வராத நாள் கணக்கிலும் வராது, லாபம் பள்ளிக்கே. போய் அழைத்து வாருங்கள், ஆனால் அன்றே மாலை பிரின்சிபலுக்கு ஓர் இமெயில்: 'இன்று காலை 10.40க்கு அழைப்பு வந்தது. 11.15க்கு மகனை அழைத்துக்கொண்டேன். இது சஸ்பென்ஷனா? மகன் சொன்ன சரியான வார்த்தை என்ன, கேட்டது யார், அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுத்தில் தெரிவிக்கவும்.' பழைய ஏழெட்டு நாளையும் போன் பதிவைப் பார்த்துத் தேதி, நேரத்தோடு எழுதி அனுப்புங்கள். எல்லா ஒழுங்கு நடவடிக்கைத் தாள்களின் நகலையும் கேளுங்கள். 45 நாளுக்குள் பார்க்கத் தர வேண்டும். 'விசாரணை வேண்டாம், மாற்றுப் பள்ளிக்குச் சம்மதம்' என்று ஒரு தாள் நீட்டினால், எவ்வளவு கனிவாகக் கேட்டாலும் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி சம்மதப் படிவம். இன்னும் மதிப்பீடு ஆகாத பிள்ளைக்கும் அந்தப் பத்து நாள் பாதுகாப்பு கிடைக்கும், பிரச்சினை இருப்பது பள்ளிக்கு முன்பே தெரிந்திருந்தால். நீங்கள் எழுத்தில் மதிப்பீடு கேட்டிருந்தாலே தெரிந்ததாக அர்த்தம். ஆனால் பெற்றோர் மதிப்பீட்டை மறுத்திருந்தால், பள்ளிக்கு ஒன்றும் தெரியாது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். கவனியுங்கள்: ஆசிரியர்கள் பத்து முறை கவலை தெரிவித்திருந்தாலும் சரி, உங்கள் ஒரு மறுப்பு அத்தனையையும் துடைத்துவிடும். சண்டை நடந்த பிறகு ஓடிப்போய் மதிப்பீடு கேட்டால் சீக்கிரம் செய்வார்கள், ஆனால் முடியும்வரை பையன் பள்ளி போட்ட இடத்தில்தான். மதிப்பீட்டுக்குச் சம்மதம் வேறு, அதன் பிறகு தரும் ஸ்பெஷல் எஜுகேஷன் சேவைக்குச் சம்மதம் வேறு. முதலாவதுக்குக் கையெழுத்திட்டதால் இரண்டாவதுக்குக் கட்டுப்பட்டவர் ஆகமாட்டீர்கள். ஆனால் சேவையை மறுத்தாலும் அதே பாதுகாப்பு போய்விடும். பிடிக்காத முத்திரையோடு முட்ட வேறு வழி இருக்கிறது.

கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள்: 'நடத்தை மட்டுமன்றி வாசிப்பு, கணக்கு, பேச்சு, காது, கண், ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, துறுதுறுப்பு) எல்லாவற்றையும் பரிசோதிக்கவும்.' வாசிக்கத் திணறும் பையன் வகுப்பில் எதிர்த்துப் பேசுவது அதிசயமல்ல. நடத்தையை மட்டும் பார்த்தால் 'எமோஷனல் டிஸ்டர்பன்ஸ்' என்றுதான் முடியும். சம்மதித்த நாளிலிருந்து 60 நாளில் முடிக்க வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால், பள்ளிச் செலவில் வெளி நிபுணர் மதிப்பீடு வேண்டும் என்று எழுதுங்கள். பள்ளி பணம் தர வேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரி என்று நிரூபிக்க விசாரணைக்குப் போக வேண்டும்.

அட்வகேட் விஷயம். இங்கே அட்வகேட் என்றால் வக்கீல் அல்ல, பள்ளிக் கூட்டங்களில் பெற்றோருக்காகப் பேசுபவர். அந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. விசிட்டிங் கார்டு அச்சடித்தவரெல்லாம் அட்வகேட்தான். கேஸ் ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தைப் பள்ளியிடம் கேட்கலாம், இவருக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். 'பள்ளியில் எனக்கு ஆள் தெரியும்' என்று ஆரம்பிப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் மத்திய அரசுப் பணத்தில் இலவசப் பெற்றோர் உதவி மையம் உண்டு. ஜார்ஜியாவில் 'பேரன்ட் டு பேரன்ட் ஆஃப் ஜார்ஜியா'. கூட்டத்துக்கு முன்னால் அவர்களிடம் பேசுங்கள்.

பள்ளி கெடுவைத் தாண்டினால் மாநிலக் கல்வித் துறைக்கு ஸ்பெஷல் எஜுகேஷன் புகார் அனுப்புங்கள். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அனுப்பலாம். 60 நாளில் எழுத்துபூர்வ முடிவு தர வேண்டும். தேதி போட்ட அந்த இமெயில்களை அப்படியே இணைத்துவிடுங்கள். ஒரு நகல் பள்ளி மாவட்டத்துக்கும் போக வேண்டும்.